ஹெவி லைசன் வச்சிருக்கிற எங்கட ட்ரைவர்மாருக்கு: வயசு, மெடிக்கல், ரினிவல், இடையில செய்ய வேண்டிய சோதனை எல்லாம்

திருகோணமலையில இருந்து இரவு பஸ் ஓட்டுற ஆக்கள், சீனக்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும் ஏத்துற லொறிக்காரர், டிப்பர் ஓட்டுற தம்பிமார், ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணன்மார், இவங்கட வீட்டு ஆக்கள், வாகனம் வச்சிருக்கிற முதலாளிமார், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறன். கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசிங்க, தேவையான இடத்த மட்டும் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்ல.

நான் சொல்ல வாற விசயம் ஒண்டுதான். பஸ், லொறி மாதிரி பெரிய வாகனத்துக்கான ஹெவி லைசன் எங்கட இலங்கையில 4 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அதுக்கு மெடிக்கல் எடுக்கணும், சரி. ஆனா உடம்பு அந்த 4 வருஷமும் அப்பிடியே நிண்டு காத்துக்கொண்டு இருக்காது. 46 வயசில மெடிக்கல் பாஸ் பண்ணின ஒராளுக்கு 47ல சீனி வருத்தம் வரலாம், 48ல பார்வை மங்கத் தொடங்கலாம், 50 வரைக்கும் ஒருத்தரும் கேக்கப் போறதில்ல, அவர் பின்னால 50 பேர ஏத்திக்கொண்டு ஹபரணைக் காட்டுக்குள்ளால போய்க்கொண்டுதான் இருப்பார். அதால கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கேக்கிற சோதனை ஒண்டு, நாங்களா எங்களச் சோதிக்கிறது இன்னொண்டு, ரெண்டும் வேணும். முதல் பாதியில கடதாசி வேலைய சொல்லுறன், அதுக்குப் பிறகு வாறதுதான் முக்கியமான பாதி.

முதல் வேலை: கார்ட்ட எடுத்துப் பின்பக்கம் பாருங்க

இப்பவே பேர்ஸ்ல இருந்து லைசன எடுங்க. முன்பக்கத்தில படமும் பேரும் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். பின்பக்கத்தத் திருப்பினா வகை வகையா வாகனத்திட படம் இருக்கும், ஒவ்வொண்டுக்கும் நேரா எப்ப குடுத்தது, எப்ப முடியுது எண்டு திகதி இருக்கும். கனபேர் பார்க்காம விடுற இடம் இதுதான். லைட் வாகனத்துக்கு 8 வருஷம், ஹெவிக்கு 4 வருஷம். ஒரே கார்ட்ல ரெண்டும் இருக்கிறபடியா, கார், மோட்டார் சைக்கிள் பக்கம் இன்னும் நாலஞ்சு வருஷம் கிடக்கும், பஸ், லொறிப் பக்கம் போன மாசமே முடிஞ்சிருக்கும், ஆள் "என்ட லைசன் இன்னும் இருக்கு" எண்டு நினைச்சு ஓட்டிக்கொண்டு இருப்பார். செக்கிங்கில பிடிபட்டா கூட பரவாயில்ல, ஒரு எக்சிடன்ட் நடந்தா இன்சூரன்ஸ்காரர் முதல் கேக்கிறது அந்தத் திகதியத்தான்.

வகையையும் சரியா பாருங்க. பி எண்டது கார், சின்ன வேன், ட்ரைவரோட சேர்த்து 9 பேர் வரைக்கும், 3,500 கிலோவுக்கு மேல போகக் கூடாது. பி1 ஓட்டோ. சி1 எண்டா 3,500 கிலோவுக்கு மேல 17,000 கிலோ வரைக்கும் லொறி, அதுக்கு மேல சி, பின்னால ட்ரெய்லர் கொழுவினா சிஈ. ஆக்கள் ஏத்துற பக்கம் வந்தா, 9க்கு மேல 33 சீட் வரைக்கும் டி1, அதுக்கு மேல பெரிய பஸ் டி. இப்ப இத எங்கட ஊர் ஸ்கூல் வேனோட வச்சுப் பாருங்க. 14 சீட் ஹையேஸ், உள்ளுக்கு அதவிடக் கூட பிள்ளைகள், ட்ரைவர்ட கையில பி மட்டும். அதுக்கு டி1 வேணும். உவர்மலைப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ பிள்ளைய வேன்ல அனுப்புற அம்மா அப்பாமார், வேன் அண்ணாட்ட ஒருக்கா மரியாதையா கேட்டுப் பாருங்க, நல்ல ட்ரைவர் கோவிக்க மாட்டார், எடுத்துக் காட்டுவார்.

வயசு பற்றி சட்டம் எங்க நிக்குது

லைட் வாகனத்துக்கு 18, ஹெவிக்கு 21. லைட் லைசன் எடுத்து அனுபவம் சேர்த்த பிறகுதான் ஹெவிக்குப் போகலாம். சில வருஷத்துக்கு முந்தி ஹயர் ஓட்டோ ஓட்டுறதுக்கு ஆகக்குறைஞ்ச வயசு 35 எண்டு கொண்டு வரப் பார்த்தாங்க, ஓட்டோக்காரப் பொடியன்மார் எல்லாம் கொதிச்சாங்க, நியாயம்தான், 25 வயசில கல்யாணம் கட்டி ரெண்டு பிள்ளையோட ஓட்டோ லீசிங் கட்டுறவன் பத்து வருஷம் சும்மா இருக்க ஏலுமா.

மற்ற நாடுகள் என்ன செய்யுது எண்டும் தெரிஞ்சிருந்தா நல்லம், ஏனெண்டா எங்கட ஆக்கள் வெளிநாடு போயும் ஓட்டுறாங்க. இங்கிலாந்தில பஸ், லொறி ஓட்டுறதுக்கு லைசன் எடுக்கக்குள்ளயே டொக்டர்ட பாரம் நிரப்பிக் குடுக்கணும், 45 வயசில இருந்து 5 வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப மெடிக்கல், 65 தாண்டினா வருஷா வருஷம். அதோட 5 வருஷத்துக்குள்ள 35 மணித்தியாலம் பயிற்சி எடுக்கணும், எடுக்காட்டி தொழிலுக்கு ஓட்ட ஏலாது. அமெரிக்காவில மாநிலம் தாண்டி லொறி ஓட்ட 21 வயசு, மெடிக்கல் கூடினது 24 மாசம்தான் செல்லும், பிரஷர் இருக்கிற ஆளுக்கு அதவிடக் குறைச்சுக் குடுப்பாங்க. பக்கத்தில இந்தியாவில வாடகை வாகனம் ஓட்ட 20 வயசு, லைசன் 5 வருஷம்.

இதில ஒண்டக் கவனிங்க. வயசு கூடக் கூட சோதனைக்கு இடைவெளி குறையுது, ஆனா "உனக்கு இத்தினை வயசு, இனிப் போ" எண்டு ஒரு வெட்டுக்கோடு போடல்ல. எனக்கும் அதுதான் சரியாப் படுது. 67 வயசில கையும் கண்ணும் கத்தி மாதிரி இருக்கிற ட்ரைவர் இருக்கார், 39 வயசில ஸ்டியரிங்கில நித்திரை தூங்குற ஆளும் இருக்கார். எங்கட நாட்டு 4 வருஷம் எண்டது 25 வயசுக்காரனுக்கும் ஒண்டுதான், 64 வயசு ஐயாவுக்கும் ஒண்டுதான். அந்தக் குறைய நாங்களாத்தான் நிரப்பிக்கொள்ளணும். 45 தாண்டினா வருஷத்துக்கு ஒருக்கா நீங்களா ஒரு செக்கப், 60 தாண்டினா ஆறு மாசத்துக்கு ஒருக்கா, இது என்ட கணக்கு, சட்டம் இல்ல.

மெடிக்கலுக்குப் போறது

லைசனுக்கான மெடிக்கல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில எடுக்கிறது. தலைமை ஒஃபிஸ் நுகேகொடையில, மாவட்டங்களுக்கும் கிளை இருக்கு, எங்கட ஆக்கள் கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. நேரம் முன்கூட்டியே பதிஞ்சுபோட்டுப் போறது நல்லம், இல்லாட்டி விடியப் போய் வரிசையில நிண்டு மத்தியானம் ஹயர விட்டுட்டு நிப்பீங்க.

கொண்டு போக வேண்டியது: அடையாள அட்டை, இருக்கிற லைசன், கண்ணாடி போடுற ஆள் எண்டா கண்ணாடி, கிளினிக் போற ஆள் எண்டா கிளினிக் கொப்பி. இந்தக் கடைசி ரெண்டும் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். கண்ணாடிய வீட்ட வச்சிட்டுப் போனா பார்வை குறைவு எண்டு வரும், திரும்ப அலைச்சல். கண்ணாடி போட்டு பாஸ் பண்ணினா கார்ட்லயே கண்ணாடி போட்டுத்தான் ஓட்டணும் எண்டு குறியீடு விழும், அதில ஒரு வெட்கமும் இல்ல, பிறகு ஓட்டக்குள்ள கண்ணாடிய டேஷ்போர்ட்ல வைக்காம மூக்கில வைச்சாச் சரி.

கிளினிக் கொப்பிய மறைக்கிற பழக்கம் கனபேர்ட்ட இருக்கு. "சீனி இருக்கு எண்டு சொன்னா லைசன் தர மாட்டாங்க" எண்டு ஒரு பயம். உண்மையில சீனியோ பிரஷரோ கட்டுப்பாட்டில இருந்தா அதால மட்டும் ஒருத்தர்ட தொழில் போறதில்ல, கட்டுப்பாடு இல்லாட்டித்தான் "மருந்த ஒழுங்கா எடுத்துட்டு வாங்க" எண்டு திருப்பி அனுப்புவாங்க. மறைச்சு பாஸ் பண்ணி என்ன கண்டது. டொக்டர ஏமாத்தலாம், கந்தளாய் தாண்டி இரவு ரெண்டு மணிக்கு சுகர் இறங்கக்குள்ள யார ஏமாத்துறது. இதில எனக்கு உண்மையாவே கோவம் வரும், ஏனெண்டா மறைக்கச் சொல்லிக் குடுக்கிறது அனேகமா பக்கத்தில நிக்கிற கூட்டாளிமார்தான்.

மெடிக்கலுக்கு முதல் நாள் இரவு ஓட்டம் போகாதீங்க. இரவு முழுக்க ஓட்டிட்டு, ரெண்டு பிளேன்டி குடிச்சிட்டு அப்பிடியே போய்க் கதிரையில இருந்தா பிரஷர் ஏறித்தான் நிக்கும், பிறகு "எனக்கு பிரஷரே இல்ல, மெஷின் பிழை" எண்டு சண்டை. நல்லா நித்திரை கொண்டு, வழக்கமா எடுக்கிற குளிசையையும் போட்டுட்டுப் போங்க. மெடிக்கல் கடதாசி 6 மாசத்துக்குத்தான் செல்லும், எடுத்து அலுமாரிக்குள்ள வச்சிட்டு இருக்காதீங்க.

ரினிவல்

கச்சேரியில இருக்கிற மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள மாவட்ட ஒஃபிஸ்ல செய்யலாம், அவசரம் எண்டா கொழும்புப் பக்கம் வேரஹெர. மெடிக்கல் ஒரிஜினல், பழைய லைசன், அடையாள அட்டை, காசு. படமும் விரல் அடையாளமும் அங்கயே எடுப்பாங்க. கட்டணம் மாறிக்கொண்டு இருக்கிறபடியா நான் இங்க தொகை எழுதல்ல, கவுண்டர்ல கேளுங்க, புரோக்கர்ட்ட கேக்காதீங்க. கார்ட் வர சுணங்கினா தற்காலிகப் பத்திரம் தருவாங்க, அதிலயும் ஒரு முடிவுத் திகதி இருக்கு, அத போன்ல அலாரமா போட்டு வைங்க.

இதோட கடதாசி வேலை முடிஞ்சுது.

இடையில இருக்கிற 4 வருஷம்: கண்

வயசு போகப் போக முதல் காட்டிக்குடுக்கிறது கண்தான், அதுவும் பகல்ல இல்ல, இரவில. 60 வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசுக் கண்ணுக்குப் போறதில மூண்டில ஒரு பங்கு அளவுதான், எதிர் வாகனத்திட லைட் அடிச்ச பிறகு பழையபடி இருட்டப் பார்க்க எடுக்கிற நேரமும் கூடிக்கொண்டே போகும். இது நோய் இல்ல, எல்லாருக்கும் வாறது. இதுக்கு மேல கட்டராக்ட் (கண்புரை) தொடங்கினா லைட்டச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும்.

என்ட மாமா ஒருத்தர், வருஷக் கணக்கா லொறி. ஒரு நாள் நிலாவெளியில இருந்து டவுனுக்கு இரவு வாறம், நான் பக்கத்து சீட்ல. எதிர்ல ஒரு வேன், வெள்ளை எல்.ஈ.டி லைட், அது தாண்டிப் போனதும் மாமா எக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, கண்ண ரெண்டு தரம் வெட்டி, கழுத்த முன்னுக்கு நீட்டி, ஸ்டியரிங்குக்குக் கிட்ட வந்துட்டார். அந்த நேரம் ரோட்டோரம் ரெண்டு மாடு படுத்திருக்கு, நான் கண்டுட்டன், அவர் காணல்ல. "மாமா, மாடு" எண்டன், "ஓமடா கண்டன்" எண்டார், ஆனா கண்டவர் மாதிரி கால் பிரேக்குக்குப் போகல்ல. அடுத்த கிழமை கெஞ்சிக் கூத்தாடி கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனம், ரெண்டு கண்ணிலயும் கட்டராக்ட். ஒவ்வொரு கண்ணா ஒப்பரேஷன் செய்து, டொக்டர் சரி எண்டு சொன்ன பிறகுதான் திரும்ப ஓட்டினார். அந்தக் கழுத்து நீட்டுறது, கண்ண வெட்டுறது, லைட்டுக்கு வேகத்தக் குறைக்கிறது, இத மூண்டையும் உங்கட வீட்டு ட்ரைவர்ட்டப் பாருங்க, அவருக்கே தெரியாம நடக்கிற விசயம் இது.

வீட்டில செய்யக்கூடிய சோதனை. பகல் வெளிச்சத்தில நிப்பாட்டி இருக்கிற ஒரு வாகனத்தில இருந்து 20 மீட்டர் அளந்து நில்லுங்க, நம்பர் பிளேட்ட வாசிங்க. இங்கிலாந்தில லைசனுக்கே இந்த அளவுதான் கேப்பாங்க. வாசிக்க ஏலாட்டி கண் டொக்டர்ட்டப் போறதுக்கு வேற காரணம் தேவையில்ல. இதில பாஸ் பண்ணினா ஹெவிக்குப் போதும் எண்டு நினைக்காதீங்க, இது ஆகக்குறைஞ்ச அளவு.

ரெண்டாவது, பக்கப் பார்வை. இதத்தான் ஒருத்தரும் பார்க்கிறதில்ல. ரெண்டு பேர் முகத்துக்கு முகம் ஒரு மீட்டர் அளவு இடைவெளியில இருங்க. ட்ரைவர் ஒரு கண்ணப் பொத்திக்கொண்டு எதிர்ல இருக்கிறவர்ட மூக்கையே பார்க்கணும். மற்றவர் தன்ட விரல காதுக்குப் பக்கத்தில இருந்து ஆட்டி ஆட்டி மெல்ல உள்ளுக்குக் கொண்டு வரணும், எப்ப தெரியுது எண்டு ட்ரைவர் சொல்லணும். மேல, கீழ, இடது, வலது. ஒரு பக்கம் மட்டும் கனக்க உள்ளுக்கு வந்த பிறகுதான் தெரியுது எண்டா கிளாக்கோமா எண்ட நோயா இருக்கலாம், அது நோகாது, நேராப் பார்க்கிறது நல்லாத்தான் இருக்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு போகும். எங்கட டவுன்ல மான் எந்தப் பக்கத்தால ரோட்டுக்கு வரும் எண்டு தெரியாது, ஓரப் பார்வை இல்லாதவர் அத பம்பர்லதான் காணுவார்.

சீனி, பிரஷர், குளிசை

சீனிக்கு இன்சுலின் ஊசி போடுறவங்களும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரி குளிசை எடுக்கிறவங்களும் கூடக் கவனம். சுகர் ஏறுறதவிட ஓட்டக்குள்ள இறங்குறதுதான் ஆபத்து. வேர்க்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும், பார்வை மங்கும், அதுக்குப் பிறகு என்ன செய்யிறம் எண்டே விளங்காது. ஒரு சின்ன சுகர் மெஷின் வாங்கி வண்டியில வைங்க. ஓட்டத்துக்கு முதல் குத்திப் பாருங்க, நீண்ட ஓட்டம் எண்டா 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. mg/dL கணக்கில 90க்குக் கீழ எண்டா ஏதாவது சாப்பிட்டுட்டு எடுங்க, 70க்குக் கிட்ட அல்லது அதுக்குக் கீழ எண்டா ஓட்டவே கூடாது, இனிப்பாக் குடிச்சு, நம்பர் சரிக்கு வந்து அதுக்குப் பிறகும் 45 நிமிஷம் இருந்துட்டுத்தான் ஸ்டியரிங்கத் தொடணும். மூளை திரும்ப வர அவ்வளவு நேரம் எடுக்கும். மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிற ஆக்களுக்கு இந்தப் பயம் குறைவு. நோன்பு நேரம் கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கம் ஓட்டுற நானாமார் நோன்பு தொடங்க முதலே டொக்டரோட கதைச்சு மருந்து நேரத்த மாத்திக்கொள்ளுங்க, பின்னேரம் நோன்பு திறக்கிறதுக்குக் கிட்டத்தான் சுகர் இறங்குறதும், ரோட்டில எல்லாரும் அவசரப்படுறதும்.

சீனி கால்லயும் வேலை காட்டும். கால் விறைச்சு பெடலத் தொடுற உணர்வு குறைஞ்சா பிரேக்க எவ்வளவு மிதிக்கிறம் எண்டு கணக்குப் பிடிபடாது. செருப்பு கழண்டு போறது தெரியாம நடக்கிறீங்க எண்டா உடனே காட்டுங்க.

தடிமனுக்கு பார்மசியில வாங்கிப் போடுற பிரிட்டோன் (Piriton) குளிசை நித்திரையக் கொண்டு வரும், போட்டுட்டு ஓட்டக் கூடாது. எந்தப் புது மருந்து குடுத்தாலும் "நான் பஸ் ஓட்டுறன், இது நித்திரை வருமா" எண்டு கேளுங்க, டொக்டர் வேற மருந்து மாத்தித் தருவார்.

நித்திரை

கொழும்பு–திருகோணமலை 260 கிலோமீட்டர் அளவு. கொழும்பில இரவு 10, 11 மணிக்கு எடுத்தா ஹபரணைக்கு வாறது விடியப்பறம். மனுஷ உடம்பு ஆகக் கீழ இறங்கி நிக்கிற நேரம் இரவு 2 மணியில இருந்து 5 மணி வரைக்கும், அந்த நேரத்தில எங்கட ட்ரைவருக்குக் கிடைக்கிறது என்ன ரோட்? ஹபரணையில இருந்து கந்தளாய் வரைக்கும் நேர் ரோட், ரெண்டு பக்கமும் காடு, லைட் இல்ல, யானை இறங்குற இடம். யானை நிறம் ரோட்டு நிறம், கண்ணும் மாடு மாதிரி பெரிசா மினுங்காது. அதத் தாண்டி தம்பலகாமம் வரக்குள்ள கிழக்குச் சூரியன் நேரா முகத்தில. ஒரே ஓட்டத்தில நித்திரை, இருட்டு, யானை, சூரியன் நாலும் கடைசி 80 கிலோமீட்டர்லதான் வந்து குவியுது, ட்ரைவர் ஆகக் களைச்சுப் போய் இருக்கிற இடமும் அதுதான். இத நான் எத்தினையோ பேருக்குச் சொல்லிட்டன், திரும்பவும் சொல்லுவன்.

17 மணித்தியாலம் தொடர்ந்து முழிச்சிருந்த ஆளிட கையும் கண்ணும், ரத்தத்தில 0.05 வீதம் மதுசாரம் இருக்கிற ஆள் அளவுக்கு மெதுவாகுது எண்டு ஆராய்ச்சியில கண்டிருக்காங்க. விடிய 6 மணிக்கு எழும்பி, பகல் வீட்டு வேலை பார்த்து, இரவு 11க்கு பஸ் எடுக்கிறவர் அந்த நிலைமையிலதான் முதல் கியரப் போடுறார். 60 கிலோமீட்டர் வேகத்தில ஒரு செக்கனுக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல போகுது. மூண்டு செக்கன் கண் மூடினா 50 மீட்டர், ஓட்ட ஒருத்தருமே இல்லாம பஸ் தானா போன மாதிரி. 2025 மே 11 கதிர்காமத்தில இருந்து குருநாகல் போன இ.போ.ச பஸ் கொத்மலை கரண்டிஎல்லயில பள்ளத்தில விழுந்து 20க்கு மேற்பட்ட உயிர் போச்சு. அது என்ன காரணம் எண்டு நான் தீர்ப்புச் சொல்ல வரல்ல, நடந்த நேரத்த மட்டும் பாருங்க, விடியப்பறம்.

என்ன செய்யலாம் எண்டா, இரவு ஓட்டம் இருக்கிற நாள் பின்னேரம் ஆகக்குறைஞ்சது 3 மணித்தியாலம் இருட்டறையில படுங்க, வீட்டு ஆக்கள் அந்த நேரம் எழுப்பாதீங்க, கரண்ட் பில் கட்ட அனுப்பாதீங்க. வழியில ஹபரணைக்கு முதல் நிப்பாட்டி ஒரு கோப்பி குடிச்சிட்டு 20 நிமிஷம் சீட்டச் சரிச்சுப் படுங்க, கோப்பி வேலை செய்யத் தொடங்கக்குள்ள எழும்புவீங்க. வெத்திலை போடுறது, பாட்டுக் கூட வைக்கிறது, முகம் கழுவுறது எல்லாம் கொஞ்ச நிமிஷத்துக்குத்தான், நித்திரைக்கு நித்திரைதான் மருந்து. பயணிகளும் "என்ன அண்ணன் நிப்பாட்டிட்டீங்க" எண்டு கத்தக் கூடாது.

இன்னொண்டு, குறட்டை. மனுசிமார்ட்டத்தான் இதக் கேக்கணும். "இவர் குறட்டை விட்டு விட்டு, திடீரெண்டு மூச்சு நிண்டு, பிறகு திடுக்கிட்டு இழுக்கிறார்" எண்டு சொன்னா அது ஸ்லீப் அப்னியா எண்ட வருத்தமா இருக்கலாம். 8 மணித்தியாலம் படுத்தாலும் உடம்பு நித்திரை கொள்ளல்ல எண்டுதான் அர்த்தம். கழுத்து 17 அங்குலத்துக்கு மேல, உடம்பு பெருத்த ஆள், பிரஷரும் இருக்கு, தேத்தண்ணிக் கடையில இருந்தபடியே தூங்கிறார் எண்டா சுணங்காம டொக்டர்ட்டக் காட்டுங்க. இதுக்கு மருத்துவம் இருக்கு, செய்துகொண்டா தொழில விடத் தேவையில்ல.

கை கால் வேகமும் ஓட்டமும்

முப்பது சென்டிமீட்டர் அடிமட்டம் ஒண்ட எடுங்க. பிள்ளை மேல பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும், கீழ பூச்சியத்துக்கு நேரா உங்கட பெருவிரலும் சுட்டுவிரலும் தொடாம விரிச்சு இருக்கட்டும். சொல்லாம விடச் சொல்லுங்க, பிடிங்க. 20 சென்டிமீட்டர்ல பிடிச்சா உங்கட கை எடுத்த நேரம் செக்கன்ல அஞ்சில ஒரு பங்கு. அஞ்சாறு தரம் செய்து சராசரி எடுத்துக் கொப்பியில திகதியோட எழுதி வைங்க. நம்பர் நல்லமா கூடாதா எண்டத விட, ஆறு மாசத்துக்கு ஆறு மாசம் கூடிக்கொண்டு போகுதா எண்டுதான் பார்க்கணும், கூடினா டொக்டர்ட்டக் கொப்பியோட போங்க.

அதவிட முக்கியம் ஓட்டிக் காட்டுறது. முதல் லைசன் எடுக்கக்குள்ள ஒருக்கா ட்ரையல் குடுத்தது, அதுக்குப் பிறகு சாகும் வரைக்கும் ஒருத்தரும் பக்கத்தில இருந்து பார்க்கிறதில்ல. வருஷத்துக்கு ஒருக்கா நீங்க மதிக்கிற ஒரு மூத்த ட்ரைவர பக்கத்தில இருத்தி ஓட்டிக் காட்டுங்க. பஸ் ஸ்டாண்ட்ல இருந்து எடுத்து, அனுராதபுரச் சந்தியால பாலையூற்று தாண்டி, சீனக்குடாவால தம்பலகாமம் வரைக்கும் போய்த் திரும்பினாப் போதும், சனம், சந்தி, நேர் ரோட், வளைவு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. போகக்குள்ள பகல், திரும்பக்குள்ள இருட்டுற மாதிரி நேரம் பாருங்க. பக்கத்தில இருக்கிறவர் ஒண்டும் கதைக்காம பார்க்கணும்: வண்டிட பக்கக் கண்ணாடிய எத்தினை தரம் பார்க்கிறார், சந்தியில கழுத்து முழுசாத் திரும்புதா இல்ல கண் மட்டுமா, முன் வாகனத்துக்கு விடுற இடைவெளி, சிக்னல் போட்டுட்டுத் திரும்புறாரா திரும்பிட்டுப் போடுறாரா, ரிவர்ஸ் எடுக்கக்குள்ள எத்தினை தரம் முன்னுக்குப் பின்னுக்கு. கழுத்துத் திரும்பாதது வயசாளிகள்ட்டக் கூட வாற குறை, ஒவ்வொரு நாளும் கழுத்த மெல்லத் திருப்பிப் பழகினா ஓரளவுக்கு இளகும், அதோட வண்டியில வட்டக் கண்ணாடி ஒண்டும் பூட்டிக்கொள்ளலாம்.

முதலாளிமாருக்கு

ட்ரைவர்ட லைசன் ரெண்டு பக்கமும் கொப்பி எடுத்து ஃபைல்ல வைங்க, ஹெவி முடியிற திகதிய சுவர்க் கலண்டர்ல எழுதுங்க. லைசன் இல்லாதவர வச்சு ஓட்டுவிச்சா ட்ரைவர் மட்டுமில்ல நீங்களும் மாட்டுவீங்க. மெடிக்கலுக்குப் போற நாள் சம்பளத்த வெட்டாதீங்க. ட்ரிப்புக்கு இவ்வளவு எண்டு மட்டும் காசு குடுத்தா அந்த ஆள் நித்திரையக் குறைச்சுத்தான் ட்ரிப்பக் கூட்டுவார், இது அவர்ட பிழை மட்டும் இல்ல. இரவு ஓட்டத்துக்கு ரெண்டாவது ட்ரைவர் போடுறது செலவுதான், தெரியும். ஆனா ரெண்டாவது ட்ரைவர் எண்டா உண்மையா லைசன் இருக்கிற ட்ரைவர், கண்டக்டர் தம்பி இல்ல.

குறைக்க வேண்டிய நேரம் வந்தா

ஒரே நாள்ல திறப்ப வாங்கிறது கொடுமை. நாப்பது வருஷம் ஓட்டின ஆளுக்கு அது தொழில் மட்டும் இல்ல, ஊருக்குள்ள இருக்கிற மரியாதை. அதால படிப்படியா செய்யுங்க. முதல்ல இரவு ஓட்டத்த விடட்டும். பிறகு மழைக் காலத்தில, மார்கழி தைப் பக்கம், நீண்ட ஓட்டத்த விடட்டும். பிறகு பெரிய பஸ்ஸ விட்டுட்டு பகல்ல சின்ன வாகனம், ஊருக்குள்ள. ஹெவி வகைய ரினிவல் செய்யாம லைட்ட மட்டும் வச்சிருக்கலாம், அதுக்கும் மெடிக்கல் இருக்கு. டிப்போவிலயோ தனியார் பஸ்லயோ புதுசா வாற பொடியன்மாருக்குப் பக்கத்தில இருந்து பழக்கிறதுக்கு இந்த ஐயாமாரவிட நல்ல ஆள் கிடைக்காது, முதலாளிமார் இத ஒரு சம்பள வேலையா யோசிங்க.

கதைக்கிற விதமும் இருக்கு. எல்லாருக்கும் முன்னால "அப்பா, உங்களுக்குக் கண் தெரியாது" எண்டு தொடங்கினா அதோட கதை முடிஞ்சுது. தனிய இருக்கக்குள்ள, நடந்த ஒரு விசயத்த மட்டும் சொல்லுங்க, "அப்பா, முந்தநாள் பின்னேரம் சந்தியில அந்த மோட்டார் சைக்கிள நீங்க காணல்ல, எனக்குப் பயமாப் போச்சு, ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வருவமா, நானும் வாறன்" எண்டு. டொக்டர் சொன்னா கேப்பார், மகன் சொன்னா கேக்க மாட்டார், அதால டொக்டரையே சொல்ல விடுங்க. பேரப்பிள்ளைய ஏத்திக்கொண்டு போறது பற்றிக் கதைச்சா சில பேர் உடனே இறங்கி வருவாங்க.

மெடிக்கல்ல யாராவது தகுதி இல்ல எண்டு வந்துட்டா, என்ன காரணம் எண்டு எழுத்தில கேளுங்க. பிரஷர், சீனி, கட்டராக்ட் மாதிரி சரி செய்யக்கூடியது எண்டா மருத்துவம் செய்து டொக்டர்ட அறிக்கையோட திரும்பப் போகலாம். அதுக்கு ரெண்டு மூண்டு மாசம் தேவைப்படும், அதாலதான் ஹெவி முடியிற திகதிக்கு மூண்டு மாசம் முந்தியே மெடிக்கலுக்கு நேரம் பதிஞ்சு வைங்க எண்டு சொல்லுறன்.